"பெட்டி கேஸ்தான்" என்றார்கள்: எங்கள் மாவட்ட இலவசச் சட்ட உதவி மையம் பற்றி என் அனுபவம்

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். 19 வருஷம் ஆகிறது. கோர்ட் வாசலை மிதிக்க வேண்டி வரும் என்று கனவில்கூட நினைத்ததில்லை. 2024 நவம்பரில் ஒரு மழை நாளில் அது நடந்தது. எங்கள் சந்தில் பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் என் கடைக்குள் வந்துவிட்டது. தைத்து மடித்து வைத்திருந்த துணியெல்லாம் நனைந்து போயிற்று. கேட்கப் போன என் மகனுக்கும் அந்த வீட்டு அண்ணனுக்கும் வாய்ச்சண்டை. அவர் கை ஓங்க, இவன் தள்ள, அவர் படியில் விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. நான் நடுவில் போய் விலக்கினேன். அப்போது நானும் நாலு வார்த்தை பேசினேன் என்பது உண்மைதான்.

மறுநாள் ஸ்டேஷனில் மனு. முதலில் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டு விசாரித்தார்கள். சமாதானம் ஆகவில்லை. நாலாம் நாள் எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மகன் ஏ-1, நான் ஏ-2. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் 296(b), 115(2), 351(2). ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது. தமிழ்நாட்டில் எந்தத் தெருச் சண்டை எஃப்.ஐ.ஆரைப் பார்த்தாலும் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும். பழைய சட்டத்தில் இதையே 294(b), 323, 506(i) என்பார்கள். 2024 ஜூலை 1-இல் சட்டம் மாறி எண்களும் மாறின. ஸ்டேஷன் ஜாமீனில் அன்றே வெளியே வந்துவிட்டோம். "பெட்டி கேஸ்தாம்மா, கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிரலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். சின்ன வழக்குதானே என்று நானும் நம்பினேன்.

மூன்று மாதத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் வந்தது. கோர்ட் வாசலில் ஒருவர் வந்து பேசினார். ஆளுக்கு 3,000 கொடுத்தால் ஃபைன் உட்பட எல்லாம் முடித்துத் தருவதாகவும், நடுவர் கேட்கும்போது "ஆமாம் ஐயா" என்று மட்டும் சொன்னால் போதும், பத்து நிமிஷ வேலை என்றும் சொன்னார். பையில் பணம்கூட இருந்தது. அன்றைக்கு நடுவர் விடுப்பில் இருந்ததால் எல்லா வழக்குக்கும் வாய்தா போட்டுவிட்டார்கள். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இதை எழுதும் நிலையில் நான் இருந்திருக்க மாட்டேன். திரும்பி வரும் வழியில், அதே வளாகத்தில் கேன்டீனுக்குப் பின்னால் "மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, இலவச சட்ட உதவி" என்ற பலகை கண்ணில் பட்டது. உள்ளே போனேன்.

இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மனு வாங்கும் மேசையில் இருந்தவர் வருமானச் சான்று கேட்டார். அவர் தலைக்கு மேலேயே சுவரில் எழுதியிருக்கிறது: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் உதவி. 1987-ஆம் வருஷச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அது. நான் அதைக் காட்டிய பிறகு என் மனுவை வாங்கிக்கொண்டார். மகனுக்கு மட்டும் வருமான வரம்பு உண்டு என்பதால் இ-சேவை மையத்தில் சான்று வாங்கிக் கொடுத்தோம். வக்கீல் ஒதுக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அடுத்த வாய்தா வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. இந்த ஒன்பது நாளைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஆனால் வக்கீல் கிடைத்த பிறகு கதையே வேறு. இந்த மையத்தில் இருப்பவர்கள் முழுநேரச் சம்பளத்துக்கு வேலை செய்யும் வக்கீல்கள். குற்ற வழக்குகளை மட்டும் பார்ப்பவர்கள், வெளியே சொந்தமாகக் கட்சிக்காரர்களை எடுக்கக் கூடாது. 2022-இலிருந்து நாடு முழுக்க இந்த ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறதாம். எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு இளம் வக்கீல் மேடம். குற்றப்பத்திரிகையை முழுசாக, ஒரு வரி விடாமல், எங்கள் முன்னாலேயே படித்தார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு என்னிடம், "அக்கா, உங்களை யாராவது இது சின்ன கேஸுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு காகிதம் கேட்டார். என் பையில் அளவுநோட்டுதான் இருந்தது. மார்பு, இடுப்பு, தோள் என்று கோடு போட்ட பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டார். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முதல் கட்டம்: போலீஸ் தானாக வழக்குப் போட்டு, பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியுமா? கையால் அடித்த 115(2) தனியாக இருந்தால் முடியாது. நடுவரின் உத்தரவு வாங்கித்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் ஆபாசமாகத் திட்டிய 296 அப்படி இல்லை. ஒரு வழக்கில் ஒரே ஒரு பிரிவு கைதுக்குரியதாக இருந்தாலும், மொத்த வழக்கும் அப்படியே கருதப்படும் என்று சட்டம் சொல்கிறது. "அதனாலதான் அக்கா எல்லாத் தெருச் சண்டையிலும் இந்தத் திட்டின பிரிவு கூட வருது" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மகன் திட்டியதாகச் சொன்ன வார்த்தை எதுவும் எஃப்.ஐ.ஆரில் இல்லை, "ஆபாசமான வார்த்தைகளால்" என்று மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது கட்டம்: என்ன தண்டனை? 296-க்கு மூன்று மாதம் வரை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். 115(2)-க்கு ஒரு வருஷம் வரை, அல்லது 10,000 வரை. 351(2)-க்கு இரண்டு வருஷம் வரை. இரண்டு வருஷத்தைத் தாண்டாததால் இது சம்மன் வழக்கு. கொலை வழக்கு மாதிரி முறையாகக் குற்றச்சாட்டு வனைய மாட்டார்கள். என்ன புகார் என்று நடுவர் வாசிப்பார், ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார், ஆமாம் என்றால் அங்கேயே தண்டனை. அந்தப் பத்து நிமிஷம் இதுதான்.

மூன்றாவது கட்டம்: ராஜியாகிப் போக முடியுமா? இதில்தான் முடிச்சு. அடித்ததற்கு அடிபட்டவரும், மிரட்டியதற்கு மிரட்டப்பட்டவரும் ராஜி சொல்லலாம். திட்டிய பிரிவுக்கு அது கிடையாது. ராஜி ஆகக்கூடாத குற்றத்தை மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தாலும் முடித்து வைக்க முடியாது. வழக்கிலேயே தண்டனை ஆகக் குறைந்த பிரிவுதான் வழக்கைக் கட்டிப்போடுகிறது.

சட்டத்தில் உண்மையிலேயே "சிறு குற்றம்" என்று எழுதியிருப்பது வேறு என்பதையும் அவரேதான் விளக்கினார். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 229-ஆவது பிரிவின்படி, 5,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றம்தான் அது. அதில் மோட்டார் வாகனச் சட்டக் குற்றங்கள் சேராது. அந்த வகைக்கு நேரில் வராமலே, சம்மனில் எழுதிய அபராதத்தை அனுப்பி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. அன்றைக்கு பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரருக்கு அப்படி ஒரு வழக்கு. பொதுவழியில் ஸ்டூல் போட்டு இடைஞ்சல் செய்ததாக 285-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் அதற்கு அபராதம் 200 ரூபாய், இப்போது 5,000 வரை. அவர் வழக்கும் பெட்டி கேஸ், என் மகன் வழக்கும் பெட்டி கேஸ் என்றுதான் வாசலில் பேச்சு. சிறைத் தண்டனையே இல்லாத ஒன்றும் இரண்டு வருஷம் வரை சிறை உள்ள ஒன்றும் ஒரே பெயரில் ஓடுகிறது.

குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்த ஒரு பையனும் அன்றைக்கு வந்திருந்தான். அந்தப் பிரிவுக்கு 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. சமூக சேவை என்ற தண்டனையே இந்தப் புதிய சட்டத்தில்தான் வந்தது, அதுவும் ஆறே குற்றங்களுக்கு. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடி, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டவருக்கும் அது உண்டு என்றார் மேடம். நல்ல மாற்றம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். விடிகாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடுபவன். இதை மேடம் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, நீ ஒத்துக்கிட்டு ஆயிரம் ரூபா கட்டியிருந்தா, அது தண்டனைத் தீர்ப்பு. ரசீது இல்ல" என்றார். மகன் முகம் வெளுத்துவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைச் சொன்னார். இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. ஊரில் வழக்கமாக என்ன செய்வார்கள்? இரண்டு பக்கமும் வெளியில் பேசி முடித்துக்கொண்டு, புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவார். பிறழ் சாட்சி. வழக்கு விடுதலை ஆகிவிடும். மற்றவர்களுக்கு அது போதும். காவலர் வேலைக்கு அது போதாது. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை ஆனாலும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலை ஆனாலும், அவரைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு அண்ணனும் ஊர்ப் பெரியவர்களும் நல்ல மனசோடு சொன்ன யோசனையே என் மகனுக்கு வினையாகியிருக்கும்.

எனக்கு வேறு பிரச்சினை. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், ஜூனில் பிரசவம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு இருப்பது தெரிந்து நின்றுவிட்டது. அபராதம் கட்டி முடித்தால் எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்திருக்கும். பாஸ்போர்ட் சட்டத்தில் தடையாக நிற்கும் தண்டனை என்றால், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் சிறை பெற்று ஐந்து வருஷத்துக்குள் விண்ணப்பிப்பதுதான். ஆனால் கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் வழக்கு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தடைதான். ஒரே வழக்கில், ஒப்புக்கொண்டால் அம்மாவுக்கு நல்லது, மகனுக்குக் கெடுதல். மேடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டு, "ரெண்டு பேருக்கும் தனித்தனியா யோசிப்போம் அக்கா" என்றார். எனக்காக அதே நடுவர் நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு மனுப் போட்டார். 1993-ஆம் வருஷத்து மத்திய அரசு அறிவிக்கை ஒன்று இதற்கு வழி செய்கிறது. அனுமதி கிடைத்தது. பாஸ்போர்ட் ஒரு வருஷத்துக்கு மட்டும் செல்லும்படி வந்தது. பேத்தி பிறந்த நாலாம் நாள் நான் அங்கே இருந்தேன்.

மகனுக்கு வழி மதுரையில் இருந்தது. வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு. இந்த மையம் அங்கே வாதாடாது, ஆனால் எங்கள் காகிதங்களையெல்லாம் கட்டி உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கேயும் வக்கீல் இலவசம். ராஜியை மட்டும் காரணம் காட்டி எழுத வேண்டாம் என்று எங்கள் மேடம் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். 2022-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வெறும் வசவு ஆபாசம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் எஃப்.ஐ.ஆரில் என்ன வார்த்தை என்றே இல்லை, பொது இடத்தில் யாருக்கு அருவருப்பு ஏற்பட்டது என்றும் இல்லை. குற்றத்துக்கான கூறே இல்லை என்பதை முதலில் வைத்து, ராஜியை இரண்டாவதாக வைத்து மனு போயிற்று. வழக்கு ரத்தானது. உத்தரவில் இரண்டு காரணமும் இருக்கிறது. ஒருவேளை ரத்தாகாமல் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தார். 1958-ஆம் வருஷ நன்னடத்தைச் சட்டத்தில், கண்டித்து விடுவிக்கும்படி கேட்கலாமாம்.

ராஜிக் காகிதத்தில் கையெழுத்துப் போட பக்கத்து வீட்டு அண்ணன் மதுரைக்கு எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்தார். அவர் மனைவியின் ஜாக்கெட் இரண்டு, சண்டைக்கு முந்தின வாரம் தைக்கக் கொடுத்தது, என் கடை அலமாரியில் பத்து மாதமாகக் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியவில்லை, வேறு எங்காவது எடுத்து வைக்கவும் மனசு வரவில்லை. மதுரையிலிருந்து வந்த மறுநாள் அந்த அக்கா கடைக்கு வந்தார். ஒன்றும் பேசாமல் போட்டுப் பார்த்தார். "கை கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றார். உள்ளே தையலைப் பிரித்துக் கொடுத்தேன்.

மையத்தில் நாங்கள் கட்டிய பணம்: பூஜ்யம். வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், சான்றிட்ட நகல், தட்டச்சு, எதற்கும் வாங்கவில்லை. பஸ் செலவும் இழந்த கூலியும்தான் எங்களுடையது. ஒரே ஒரு வாய்தாவுக்கு மேடம் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டு வரவில்லை. டவாலி மூன்று முறை பெயர் கூப்பிட்டபோது நான் தனியாக நின்றேன், கை நடுங்கியது. பிறகு போன் செய்து வருத்தம் தெரிவித்தார். ஆள் பற்றாக்குறை அவர்களுக்கு நிஜமாகவே இருக்கிறது, இரண்டு பேர் சேர்ந்து நாலு கோர்ட் பார்க்கிறார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்று, முதல் மேசைக்கும் ஒன்பது நாளுக்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம், எடுத்துக்கொண்டு போங்கள். சம்மன் வந்திருந்தால் அதில் உள்ள வழக்கு எண்ணை வைத்து ஈ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்கான தனி அடையாளமான 16 இலக்கச் சி.என்.ஆர். எண் கிடைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த வாய்தாவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆதார் நகல் இரண்டு வேண்டும். அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பித்திருந்தால், அதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வழக்கு ரத்தானதும் என் மகன் மேடத்துக்குப் போன் செய்து, இனி விண்ணப்பத்தில் "வழக்கு ஏதேனும் உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று போடலாமா என்று கேட்டான். போடவே கூடாது என்றார். வழக்கு இருந்ததையும் ரத்தானதையும் உத்தரவு எண்ணோடு எழுது, மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட அதுதான் பெரிய குற்றமாகப் பேசப்படும் என்றார். சின்ன வழக்குகளில் வேலை கொடுப்பவர் எப்படி முடிவெடுக்கலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வழக்கு முடிந்த கட்சிக்காரருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில்.

மையம் காலை பத்து மணிக்குத் திறக்கும். திங்கட்கிழமை கூட்டம் நெரியும், புதன்கிழமை போனால் உட்கார இடம் கிடைக்கும்.